மடக்குக் கத்தி வேலை: புதுப்பிப்பு

அட்டையில் வெட்டிய மாதிரியைப் போட்டு, "லைனர் லாக்கா, ஸ்லிப் ஜாயின்டா?" என்று கேட்டிருந்தேனே, லைனர் லாக்தான் முடிவாச்சு. லைனர்னா கைப்பிடிக்குள்ள இருக்கிற உலோகத் தகடு; கத்தியைத் திறந்ததும் அது அலகுக்குப் பின்னாடி வந்து பூட்டிக்கும். ஸ்லிப் ஜாயின்டில் பூட்டு கிடையாது, ஸ்பிரிங் அழுத்தம்தான் அலகைப் பிடிக்கும். பட்டர்வொர்த் வீட்டுப் பின்கட்டுதான் பட்டறை.

அலகு 3 மி.மீ. ஓ1 ஸ்டீல் (எண்ணெயில் முக்கிக் கடினமாக்குற கருவி எஃகு). சுமார் 800 டிகிரி சூட்டில் கனோலா எண்ணெயில் முக்கினேன். அரம் பிடிக்காமல் வழுக்கியது, அலகு கடினமாயிடுச்சு, அப்பாடா! அப்புறம் எளிதில் உடையாம இருக்க, ஓவனில் 200 டிகிரியில் சூடாக்கி டெம்பர்.

உயிரை வாங்கியது பூட்டுதான். அலகின் பின்முனையை 8 டிகிரி சாய்வில் ராவணும். சாய்வு கூடினா பூட்டு நழுவும், குறைஞ்சா இறுகிக்கும். மார்க்கர் மை பூசி மூடித் திறந்தால் எங்கே உரசுதுன்னு பளிச்சுன்னு தெரியும்; அந்த இடத்தை மட்டும் ஒரு இழுப்பு, மறுபடி மாட்டு, மறுபடி கழட்டு. இப்போ லைனர் அந்தப் பின்முனையில் கால்வாசி ஏறி நிக்குது, ஆட்டமே இல்லை.

லைனருக்கு டைட்டானியம் போடச் சொன்ன அண்ணே, விலையைக் கேட்டதும் ஸ்டெயின்லெஸ்ஸே போதும்னு தோணிடுச்சு. கைப்பிடி மெர்பாவ் மரம். நம்ம பினாங்கு ஈரக்காத்துக்கு ஓ1 சீக்கிரம் துருப்பிடிக்கும், துடைச்சு மினரல் ஆயில் தடவியே வைக்கணும்.

விலை கேட்டவங்களுக்கு: விற்பனைக்கு இல்லை. மாங்காய் நறுக்க அம்மா ஏற்கெனவே எடுத்துக்கிட்டாங்க.