ஹாலோவீன் வேஷம்: உங்கள் வீட்டில் என்ன செய்தீர்கள்?

நியூ ஜெர்சியில் இருக்கும் அக்கா, அண்ணன்மாரே, ஒரு யோசனை வேண்டும். மகள் இங்கே பப்ளிக் ஸ்கூலில் இரண்டாம் வகுப்பு. பிள்ளைகள் பேய் வேஷமெல்லாம் போட்டு மிட்டாய் வாங்கும் ஹாலோவீன் நாளான அக்டோபர் 31 மதியம் எல்லாப் பிள்ளைகளும் வேஷம் போட்டு மைதானத்தைச் சுற்றி ஊர்வலம் போவார்களாம். நாங்கள் பெந்தெகொஸ்தே சபை. பேய், சூனியக்காரி வேஷமெல்லாம் எங்கள் வீட்டில் ஆகாது. போன வருஷம் காய்ச்சல் என்று பொய் சொல்லி லீவு போட்டோம். மிட்டாய்ப் பை தனக்கு மட்டும் இல்லை என்று மறுநாள் ஒரே அழுகை. அந்தப் பொய் எனக்கே இன்னும் உறுத்துகிறது.

டீச்சர், "வேண்டாமென்றால் லைப்ரரியில் உட்காரட்டும்" என்கிறார். அது தண்டனை மாதிரி இருக்காதா? கோர்ட், கேஸ் என்று போகும் எண்ணமில்லை. பள்ளியில் சூனியக்காரி அலங்காரம் கூடாது என்று ஃப்ளோரிடாவில் ஒருவர் போட்ட வழக்கே 1994இல் நிற்கவில்லை.

ஊரிலிருந்து அம்மா வேறு: "எல்கேஜியில் உனக்குக் கிருஷ்ணர் கொண்டை போடச் சொன்னார்கள், நான் விட்டேனா?"

சரி, வண்ணத்துப்பூச்சி, டாக்டர் மாதிரி வேஷம் போட்டு அனுப்பியவர்கள் உண்டா? சபையில் பேச்சு வந்ததா? பிரின்சிபாலுக்கு யாராவது மெயில் எழுதியிருந்தால், என்ன எழுதினீர்கள் என்று கொஞ்சம் சொல்லுங்கள்.