மைக்கேல் பல்லாக்: ராசியில்லாத பெரிய ஆட்டக்காரரா, பெரிதாக்கப்பட்டவரா?

கோல்கம்பம்: போன வாரம் இங்கே ஒருவர் ஜெர்மனியின் தலைசிறந்த நடுக்கள ஆட்டக்காரர்கள் என்று ஐந்து பேரைச் சொன்னார்: மத்தேயஸ், ஓவராத், நெட்சர், ஷ்வைன்ஸ்டைகர், க்ரோஸ். பல்லாக் இல்லை. ஏன் என்று கேட்டால், “நாட்டுக்காக ஒரு கோப்பையும் வாங்கவில்லையே” என்கிறார். 98 ஆட்டங்களில் 42 கோல் அடித்த நடுக்கள வீரருக்கு இதுதான் மரியாதையா?

அவர் ஆடிய காலத்தையும் பாருங்கள். யூரோ 2000, யூரோ 2004 இரண்டிலும் முதல் சுற்றோடு ஊர் திரும்பிய அணி அது. நடுவில் 2002இல் மட்டும் உலகக் கோப்பை ஃபைனல் வரை போனது எப்படி? முதலில் தகுதி பெறவே உக்ரைனோடு பிளே-ஆஃப் ஆட வேண்டியிருந்தது. கீவில் 1-1, ஜெர்மனியின் கோல் பல்லாக். டார்ட்மண்டில் 4-1, அதில் இரண்டு பல்லாக். உலகக் கோப்பைக் கால் இறுதியில் அமெரிக்காவை 1-0, அரை இறுதியில் தென் கொரியாவை 1-0 என்று வென்றபோதும் கோல் அவருடையதே. அதிலும் கொரிய ஆட்டத்தில் 71ஆவது நிமிடம் லீ சுன்-சூவைத் தடுத்து மஞ்சள் அட்டை வாங்கினார். மஞ்சள் அட்டைகள் சேர்ந்ததால் இனி ஃபைனல் ஆட முடியாது. அடுத்த நான்கு நிமிடத்தில் கோல்.

கறார்க்கணக்கு: ஐயா, அந்தத் தொடரில் ஆலிவர் கான் என்று ஒருவர் கோலில் நின்றார். தொடரின் சிறந்த வீரருக்கான தங்கப் பந்தை அவருக்குத்தான் கொடுத்தார்கள், உங்கள் ஆளுக்கு இல்லை.

ராசி இல்லை என்று சொல்லித் தப்பிக்கவும் முடியாது. மே 2000, பல்லாக்கின் அன்றைய கிளப் லெவர்குசன் ஜெர்மன் லீக் பட்டம் வெல்லக் கடைசி ஆட்டத்தில் டிரா போதும். உன்டர்ஹாகிங் மாதிரி சின்ன அணியிடம் 2-0 தோல்வி, முதல் கோல் பல்லாக் தன் வலைக்குள்ளேயே தள்ளியது. 2002இல் மூன்று ஆட்டம் மிச்சம் இருக்க ஐந்து புள்ளி முன்னிலை. ப்ரேமனிடமும் நூரன்பெர்க்கிடமும் தோற்றுப் பட்டத்தை டார்ட்மண்டிடம் விட்டார்கள். ஜெர்மன் கோப்பை ஃபைனல், சாம்பியன்ஸ் லீக் ஃபைனல், எல்லாம் போச்சு. 2008இல் செல்சி கிளப்போடும் ஜெர்மனியோடும் லீக் கப், பிரீமியர் லீக், சாம்பியன்ஸ் லீக், யூரோ என்று நான்கிலும் இரண்டாம் இடம். ஒருமுறை என்றால் ராசி, இத்தனை முறையா?

கோல்கம்பம்: அந்த 2001-02 சீசனில் நடுக்களத்திலிருந்து 17 லீக் கோல். கடைசி நாள் ஹெர்த்தாவை வென்ற 2-1இல் இரண்டும் அவருடையவை. கிளாஸ்கோவில் நடந்த அந்த சாம்பியன்ஸ் லீக் ஃபைனலில் ரியல் மாட்ரிட்டின் ஜிடேன் இடது காலால் அடித்த அந்த வாலியை யார் தடுத்திருக்க முடியும்? மாஸ்கோவில் 2008 சாம்பியன்ஸ் லீக் ஃபைனலில் செல்சிக்காக முதல் பெனால்டியை எடுத்து உள்ளே போட்டவர் பல்லாக். வழுக்கி விழுந்து தவறவிட்டது டெர்ரி. அப்புறம், கோப்பையே இல்லாதவர் போலப் பேசுகிறீர்கள். கைசர்ஸ்லாட்டர்னோடு ஒன்று, பயெர்னோடு மூன்று, ஆக நான்கு புண்டஸ்லீகா (ஜெர்மன் லீக்) பட்டம். செல்சியோடு ஒரு பிரீமியர் லீக்.

கறார்க்கணக்கு: பயெர்னில் பட்டம் வெல்வது ஒரு சாதனையா! சரி, 2010க்கு வாருங்கள். எஃப்.ஏ. கப் ஃபைனலில் கெவின்-பிரின்ஸ் போவாடெங் மோதிக் கணுக்கால் போனது, உலகக் கோப்பை போனது. நாடே துக்கம் கொண்டாடியது. அப்புறம் என்ன ஆனது? இங்கிலாந்தை 4-1, அர்ஜென்டினாவை 4-0. அவருடைய 13ஆம் எண் சட்டையைப் போட்ட தாமஸ் முல்லர் கோல் அடிப்பவர்களுக்கான தங்கக் காலணி வாங்கினார். கெதிராவும் ஓசிலும் பந்தை நகர்த்திய வேகத்தில் பல்லாக் எங்கே பொருந்தியிருப்பார்?

இரவுஆட்டம்: குறுக்கே வருகிறேன். இருவரும் வேறு வேறு பல்லாக்கைப் பற்றிப் பேசுகிறீர்கள். லெவர்குசனில் அவருக்குப் பின்னால் ரமலோ காவல் நின்றார். இவர் தாமதமாகப் பெட்டிக்குள் ஓடி வந்து தலையால் முட்டுவார். 2006இல் பின்புறம் பாதுகாப்பு போதவில்லை என்று அவரே வெளிப்படையாகச் சொல்லி, ஃப்ரிங்ஸ் பக்கத்தில் இறங்கி ஆடினார். அணி அரை இறுதி வரை போனது, அவருக்கு அந்தத் தொடரில் ஒரு கோல்கூட இல்லை. யூரோ 2008 கால் இறுதியில் ஃப்ரிங்ஸ் காயம். ஹிட்ஸ்ல்பெர்கரும் ரோல்ஃபெஸும் பின்னால் நிற்க, பல்லாக் முன்னால் போனார். போர்ச்சுகலுக்கு எதிராக மூன்றாவது கோல், ஹெட்டர். அவரை எங்கே நிறுத்தினார்கள் என்பதைச் சொல்லாமல் நல்லவர், மோசம் என்பதில் அர்த்தமில்லை.

கோல்கம்பம்: இதைத்தான் நானும் சொல்ல வந்தேன். கறார், நீங்கள் 2010 அரை இறுதியைச் சொல்லாமல் நைசாகத் தாண்டிவிட்டீர்கள். ஸ்பெயின் ஜெயித்தது ஒரே கோலில், கார்னரில் புயோல் முட்டிய ஹெட்டர். அந்தப் பெட்டிக்குள் 1.89 மீட்டர் உயரத்தில் ஒருவர் இருந்திருந்தால்?

கறார்க்கணக்கு: இருந்திருந்தால் என்று ஆரம்பித்தால் முடிவே கிடையாது. 2008 ஃபைனலில் அதே ஸ்பெயினுக்கு எதிராக அந்த 1.89 மீட்டர் ஆடினார். அதுவும் 0-1 தான்.

கோல்கம்பம்: அதற்குப் பதில் இல்லை, விடுங்கள். ஆனால் அவரை அனுப்பிய விதம்? உலகக் கோப்பை நடக்கும்போதே, அவருக்குப் பதில் கேப்டனாக இருந்த லாம், அந்தப் பதவியை விட மனமில்லை என்று பேட்டி கொடுத்தார். 2011இல் பயிற்சியாளர் லோவ் இனி அழைக்க மாட்டார் என்று அறிக்கை. பிரேசிலோடு ஒரு நட்பு ஆட்டம் வைத்து வழியனுப்புகிறோம் என்றார்கள். வேண்டாம் என்றார். நானாக இருந்தாலும் அதைத்தான் சொல்லியிருப்பேன்.

கறார்க்கணக்கு: 34 வயது, ஓயாத காயம். பயிற்சியாளர் வேறு என்ன செய்வார்? சரி, பட்டியலில் ஆறாவதாகப் போடுங்கள், எனக்கு ஆட்சேபம் இல்லை. ஆனால் நெட்சர் மேல் கை வைக்காதீர்கள்.

கோல்கம்பம்: நெட்சர் மேற்கு ஜெர்மனிக்கு ஆடியது 37 ஆட்டம், 6 கோல். மேற்கு ஜெர்மனி வென்ற 1974 உலகக் கோப்பையில் அவர் களம் இறங்கியது ஒரே ஒருமுறை, கிழக்கு ஜெர்மனிக்கு எதிராக மாற்று வீரராக. வந்தபோது 0-0, முடிந்தபோது 0-1. கோப்பைக் கணக்கில் அவர் உள்ளே, பல்லாக் வெளியே!

கறார்க்கணக்கு: இங்கிலாந்துக்கு எதிராக நெட்சர் ஆடிய 1972 வெம்ப்ளி ஆட்டத்தை முழுதாகப் பார்த்துவிட்டு வந்து இதைத் திரும்பச் சொல்லுங்கள்.