கதிரிலேயே முளைத்த நெல்

முதல் பதிவு

குடும்பக் கதையையும் ஆய்வையும் ஒரே கட்டுரையில் எப்படிச் சேர்ப்பது என்று இங்கே பலர் கேட்டிருந்தீர்கள். எனக்குக் கைகொடுத்தது பாட்டியின் ஒரு புலம்பல்.

“உப்பைக் கொட்டினார்கள், நெல் கதிரிலேயே முளைத்துவிட்டது” என்பார். உப்பு என்றால் உரம். எந்த வருடம் என்று கேட்டால், “உன் சின்ன அத்தை பிறந்த வருடம்” என்பார். அத்தையின் பள்ளிச் சான்றிதழை எடுத்துப் பார்த்தேன். (அந்தக் காலத்துச் சான்றிதழ்களில் பிறந்த தேதி எவ்வளவு நம்பகமானது என்று நமக்குத் தெரியாதா!) ஆகவே கட்டுரையில் ‘1960களின் நடுப்பகுதி’ என்று மட்டும் போட்டேன்.

பிறகுதான் வேளாண் நூல்களைப் புரட்டினேன். விதை, உரம், கடன் எல்லாவற்றையும் சேர்த்து உழவருக்குக் கொடுத்த அரசின் ‘பேக்கேஜ் திட்டம்’ தஞ்சை மாவட்டத்துக்கு வந்த சில ஆண்டுகளில், ஆடுதுறை நெல் ஆராய்ச்சி நிலையம் ஏடிடி 27 என்ற குறுவை ரகத்தை வெளியிட்டது. ஜப்பானிய நெல்லையும் நம் ஊர் ஜிஇபி 24ஐயும் சேர்த்த ஒட்டு. விளைச்சலுக்குக் குறைவில்லை, விதை உறக்கம்தான் இல்லை. உறக்கம் உள்ள நெல், முற்றிய பின் சில வாரம் ஈரம் பட்டாலும் முளைக்காது. இதுவோ அறுவடை நேரத்து மழையில் நின்ற இடத்திலேயே முளைவிடும்.

ஆக, பாட்டி பழித்தது உரத்தை. காரணம் விதையில் இருந்தது. அதற்காக அவர் பேச்சை நான் திருத்தவில்லை. புது உரம், புது விதை, மழை மூன்றும் ஒரே போகத்தில் வந்தால், காசு கொடுத்து வாங்கிய மூட்டைமேல்தானே கோபம் வரும்? முளைத்த நெல்லைக் குத்தி வடித்த சோறு பிசுபிசுத்ததையும், கடைசியில் அதை மாட்டுக்கு வைத்ததையும் முதலில் எழுதினேன். ‘ஏன் முளைத்தது?’ என்று வாசிப்பவர் கேட்கும் இடம் வரும்வரை ரகத்தின் பெயரையே எடுக்கவில்லை. முன்னாலேயே கொட்டியிருந்தால் அது வேளாண் துறைத் துண்டறிக்கை.

மறுமொழி

அக்கா, என் அப்பா அந்தப் பேக்கேஜ் திட்டத்தில் கிராம சேவக், அதாவது ஊர் ஊராகப் போய் உழவருக்கு யோசனை சொல்லும் அரசு ஊழியர். முளைத்த நெல்லைப் பற்றி வீட்டில் ஒரு கதை உண்டு: அவர் சிபாரிசு செய்த விதை என்பதால் ஓர் ஊரில் திண்ணையில் உட்காரக்கூடச் சொல்லவில்லையாம். அவருடைய டைரியிலோ மூட்டைக் கணக்கும் ஏக்கர் கணக்கும் மட்டுமே. அந்தத் திண்ணை இல்லை. இரண்டையும் அடுத்தடுத்து வைத்து எழுதத் தொடங்கியிருக்கிறேன். உங்கள் பாட்டிக்கு எந்த ஊர்? அப்பாவின் சைக்கிள் அந்தப் பக்கம் போயிருக்கிறதா என்று டைரியில் பார்க்கிறேன்.