ஜன்னல் கழுவ எந்த பிரஷ், எந்த கம்பு வாங்கலாம்ணே?

அண்ணே, அக்கா எல்லாருக்கும் வணக்கம். மதுரை கே.கே.நகர் பக்கம் ரெண்டு பசங்கள வச்சு ஜன்னல் கிளீனிங் வேலை செய்றேன். போன வாரம் ஒரு வீட்டு மாடி ஜன்னல்ல அலுமினியக் கம்ப நீட்டித் தேய்க்கும்போது பிரஷ்ஷோட பிளாஸ்டிக் கட்டை கீழ்த் திண்டுல இடிச்சு பெயிண்ட் பேந்துருச்சு, அந்தம்மா ஒண்ணும் சொல்லல ஆனா எனக்கு மனசே ஆறல, நானே டச்சப் பண்ணிக் குடுத்தேன். அலுமினியம் கரண்ட் கம்பி பக்கத்துல பயம் வேற, கார்பன் ஃபைபர் வெயிட் கம்மிதான் ஆனா அதுவும் கரண்ட் கடத்தும், அதனால கிளாஸ் ஃபைபர் 20 அடி எடுக்கலாம்னு இருக்கேன், ரொம்ப வளையுமா? பிரஷ் ஓரத்துல ரப்பர் பம்பர் வச்சது திண்டக் காப்பாத்துமா, பிரஷ் முடி நுனி பிரிஞ்ச சாஃப்ட் நைலானா இருந்தா போதுமா? நம்ம போர் தண்ணி உப்பு, காஞ்சா வெள்ளைத் திட்டு, அதனால ஆர்ஓ தண்ணிதான் ஊத்துறேன். யூஸ் பண்ணவங்க கொஞ்சம் சொல்லுங்க, அடுத்த வேலைக்குள்ள வாங்கணும்.