நடைத்தடங்களைத் திரையில் காட்டினால் அறிவியல் ஆர்வம் பிறக்குமா?

கேள்வி:
எங்கள் அறிவியல் மன்றத்தின் கண்காட்சிக் கூடத்தில், மேற்கூரையில் ஆழ உணரி (தொலைவை அளக்கும் கருவி) ஒன்றைப் பொருத்தி, கீழே நடப்பவர்களின் தடங்களை உடனுக்குடன் திரையில் கோடுகளாகக் காட்ட எண்ணியிருக்கிறோம். வருபவர்கள் தங்கள் கோட்டைப் பார்த்துக் கையசைத்துவிட்டு அடுத்த அரங்குக்குப் போய்விடுவார்கள், இதில் இயற்பியல் எங்கே இருக்கிறது என்று மன்றத்திலேயே சிலர் கேட்கிறார்கள். இது வெறும் வேடிக்கையாக முடியாமலிருக்க என்ன செய்யலாம்?

மறுமொழி 1:
நண்பரே, அவர்களின் ஐயம் நியாயமானதே. பார்வையாளர்களை நடக்கவிடுவதற்கு முன்பே அவர்களிடம் ஒரு கேள்வியைக் கேட்டுவிடுங்கள். ஜப்பானில் ஹிசாஷி முராகாமி குழுவினர் தலா 27 பேர் கொண்ட இரு அணிகளை எதிரெதிராக நடக்கவிட்டு, ஓர் அணியில் மூவரை மட்டும் கைபேசியில் கூட்டல் கணக்குப் போட்டபடி நடக்கச் சொன்னார்கள். வழக்கமாக இத்தகைய கூட்டம், யாரும் சொல்லாமலேயே, வரிசை வரிசையாகப் பிரிந்துகொள்ளும். அந்த மூவர் அணியின் முன்வரிசையில் இருந்தபோது அப்படிப் பிரிவது தாமதமானது. கைபேசி பார்க்காதவர்களும் திடீரென்று விலக வேண்டியதாயிற்று. மூவரை எங்கே நிறுத்தினால் குழப்பம் அதிகம் என்று முதலில் பார்வையாளர்களை ஊகிக்கச் சொல்லுங்கள். தன் ஊகம் சரியா என்று பார்க்க எவரும் நின்றுவிடுவார்கள்.

மறுமொழி 2:
அந்த ஆய்வுக்கு 2021இல் இயக்கவியலுக்கான இக்நோபல் கிடைத்தது. அதே ஆண்டில், நடப்பவர்கள் ஏன் ஓயாமல் மோதிக்கொள்வதில்லை என்று ஆராய்ந்த குழுவுக்கு இயற்பியலுக்கான இக்நோபல் கிடைத்தது. இக்நோபல், வேடிக்கையான ஆய்வுகளுக்குத் தரும் நகைச்சுவைப் பரிசுதான், ஆனாலும் இரண்டும் ஒன்றாக வந்தது மிகப் பொருத்தம். இரண்டாம் குழுவின் அலெஸ்ஸாண்ட்ரோ கோர்பெட்டா, ஃபெடெரிகோ டோஸ்கி முதலியோர் நெதர்லாந்தின் ஐந்தோவன் ரயில் நிலையத்தில் தலைக்கு மேலே கினெக்ட் என்னும் ஆழ உணரிக் கருவிகளைப் பொருத்தி, ஆறு மாதங்களில் ஏறத்தாழ 50 லட்சம் தடங்களைப் பதிவு செய்தார்கள். இதே ஆய்வாளர்கள் பல்கலைக்கழகக் கட்டடம் ஒன்றில் செய்த வேறோர் அளவீட்டில் எனக்குப் பிடித்தது, பாதி வழியில் திரும்பி வந்த வழியே போகிறவர்களைப் பற்றியது. அத்தகையோர் மிகச் சிலரே. இருந்தும், சிறு சிறு தள்ளல்களால் ஒரு பள்ளத்திலிருந்து அடுத்த பள்ளத்துக்கு எப்போதாவது தாவிவிடும் துகளுக்குரிய சமன்பாட்டிலேயே அவர்களும் அடங்கினார்கள். உங்கள் திரையிலும் அப்படித் திரும்புகிறவரின் கோட்டை மட்டும் வேறு நிறத்தில் காட்டுங்கள். இயற்பியல் எங்கே என்று கேட்டவர்களுக்கு அதுவே விடை.

மறுமொழி 3:
ஓர் எச்சரிக்கை. தன் தடம் திரையில் ஓடுவதைக் கண்டவர் இயல்பாக நடப்பதில்லை. வளைந்து வளைந்து நடந்து கோலம் போடத் தொடங்கிவிடுவார். ஆகவே திரையை நடைபாதையிலிருந்து தெரியாத பக்கத்தில் வையுங்கள். அடுத்து, ஒரு கூடத்தில் கண்டதை மனித இயல்பு என்று பலகையில் எழுதிவிடாதீர்கள். ஒற்றை வரிசையில் நடப்பவர்களை இந்தியாவிலும் ஜெர்மனியிலும் ஒரே முறையில் அளந்து 2009இல் வெளியிட்ட ஆய்வில், நெரிசல் கூடக்கூட ஜெர்மானியர்களின் வேகம் குறைந்த அளவுக்கு இந்தியர்களின் வேகம் குறையவில்லை. முன்னால் செல்பவரிடமிருந்து ஜெர்மானியர்கள் அதிக இடைவெளியும் விட்டார்கள்.

கேள்வி கேட்டவர்:
மூவருக்கும் நன்றி. முகம் பதிவாகிறதா என்று பெற்றோர் கட்டாயம் கேட்பார்கள். அவர்களுக்கு என்ன சொல்வது?

மறுமொழி 2:
ஆழ உணரி தருவது ஒவ்வொரு புள்ளிக்கும் கருவிக்கும் உள்ள தொலைவு மட்டுமே என்பதால், மேலிருந்து பார்க்கையில் தலையும் தோளும் வெறும் மேடாகத்தான் தெரியும். ஆனால் கினெக்டில் வண்ணக் கேமராவும் உண்டு. அதன் கண்ணை மறைத்து ஒட்டிவிட்டு, மறைத்திருப்பதை வாசலிலேயே எழுதி வையுங்கள்.