நகைச்சீட்டுத் தளம்: எந்தப் பழைய போன் வரை இழுத்துக்கொண்டு போவது?

வாய்க்கால்கரை:
எங்கள் ஊர் நகைக்கடை ஒன்றுக்குத் தளம் செய்து கொடுத்திருக்கிறேன். 11 மாத நகைச்சீட்டு. சீட்டு எண்ணைப் போட்டால் எத்தனை தவணை கட்டியாயிற்று, கணக்கில் எத்தனை கிராம் ஏறியிருக்கிறது என்று பார்க்கலாம். வேண்டுமென்றால் தவணையும் அங்கேயே கட்டலாம். என் போனில் பளிச்சென்று ஓடுகிறது. ஆனால் கடையில் முதல் வாரமே சண்டை. சீட்டுக் கட்டுபவர்கள் நிறையப் பேர் கையில் இருப்பது மகன் புதுசு வாங்கிக்கொண்டு அம்மாவிடம் தள்ளிவிட்ட போன். "பக்கம் வரலை" என்று கல்லாவில் வந்து நிற்கிறார்கள். கடைக்காரர் "எல்லாப் போன்லயும் வரணும்" என்கிறார். எனக்குப் பேசியதோ மொத்தமாக ஒரு தொகை. கோடு எங்கே போடுவது?

கட்டுமரம்:
தயங்காமல் போடுங்கள் தம்பி. தளத்தின் புள்ளிவிவரத்தை எடுத்துப் பாருங்கள். அமெரிக்க அரசுத் தளங்களுக்கான வடிவமைப்புத் தொகுப்பு 2 சதவீதத்துக்கு மேல் வரும் பிரவுசரைத்தான் அதிகாரபூர்வமாகத் தாங்குகிறது. அரசாங்கத்துக்கே அதுதான் அளவு என்றால் நகைக்கடைக்கு என்ன வந்தது? மற்றவர்களுக்கு "பிரவுசரைப் புதுப்பிக்கவும்" என்று மேலே ஒரு பட்டை போட்டுவிட்டு அடுத்த வேலையைப் பாருங்கள்.

இன்டர்நெட் எக்ஸ்புளோரர் (ஐஇ) 6 பிரவுசர் காலத்தில் நான் பட்டது போதும். பிஎன்ஜி படத்துக்குப் பின்னால் சாம்பல் நிறக் கட்டம் தெரியும், மார்ஜின் தானாக இரண்டு மடங்காகும். பக்கம் செய்ய ஒரு நாள், அதை ஐஇ 6-இல் நிமிர்த்த இரண்டு நாள். அந்த இரண்டு நாளுக்கு இன்று வரை யாரும் கூலி தரவில்லை. 2022 ஜூன் 15-இல் மைக்ரோசாஃப்டே ஐஇ 11-ஐ மூட்டை கட்டிவிட்டது. செய்தவனே கைவிட்டதை நாம் ஏன் சுமக்க வேண்டும்?

நிலாமுற்றம்:
அந்த 2 சதவீதம் எதில் 2 சதவீதம் என்று முதலில் கேளுங்கள். பக்கம் திறந்து, அதிலுள்ள எண்ணும் ஸ்கிரிப்ட்டும் ஓடியவர்களைத்தான் உங்கள் புள்ளிவிவரம் காட்டும். வெள்ளைத் திரையைப் பார்த்துத் திரும்பிப் போன அம்மா அதில் இல்லவே இல்லை. பந்தியில் உட்கார்ந்தவர்களை மட்டும் எண்ணிவிட்டு, ஊரில் எல்லாரும் சாப்பிட்டாயிற்று என்று சொல்வதுபோல் இருக்கிறது.

யூடியூபில் வேலை பார்த்த கிறிஸ் ஸக்கரியாஸ் 2012-இல் இதைப் பற்றி எழுதியிருக்கிறார். அவர் அங்கே இருந்தபோது வீடியோ பக்கம் 1.2 எம்பி. அதை 98 கேபிக்கும், சர்வரிடம் கேட்கும் கோரிக்கைகளை 14-க்கும் இறக்கிவிட்டு, கொஞ்சம் பேருக்கு மட்டும் விட்டுப் பார்த்தார். பக்கம் திறக்கும் சராசரி நேரம் குறையும் என்று பார்த்தால் கூடிவிட்டது! குழம்பிப்போய் இடவாரியாகப் பிரித்துப் பார்த்தபோதுதான் புரிந்தது. தென்கிழக்கு ஆசியா, தென் அமெரிக்கா, ஆப்பிரிக்கா, சைபீரியா என்று அதுவரை எட்டிப் பார்க்காத இடங்களிலிருந்து ஆட்கள் வர ஆரம்பித்திருந்தார்கள். பழைய பக்கத்தில் அவர்களுக்கு வீடியோ தொடங்க 20 நிமிடத்துக்கு மேல் ஆகும், எவன் காத்திருப்பான்? புதியதில் 2 நிமிடம் சொச்சம். காத்திருந்தார்கள். அந்த 2 நிமிடக்காரர்கள் சேர்ந்ததால்தான் சராசரி ஏறியது. அதற்கு முன்னால் அவர்கள் எந்தக் கணக்கிலும் இல்லை.

கட்டுமரம்:
நல்ல கதைதான். ஆனால் வாய்க்கால்கரைக்கு சைபீரியாவில் சீட்டுக் கட்டுபவர் யாரும் கிடையாது. யூடியூபில் மாதச் சம்பளம் வாங்கிக்கொண்டு பக்கத்தை இளைக்க வைப்பது வேறு, மொத்தத் தொகைக்குப் பேசிவிட்டு ஒற்றை ஆளாய் மல்லுக்கட்டுவது வேறு.

இப்போது "பேஸ்லைன்" என்று ஒன்று இருக்கிறதே. முக்கியமான பிரவுசர்கள் எல்லாவற்றிலும் வந்து 30 மாதம் ஆகிவிட்டால் அந்த வசதியைத் தைரியமாகப் பயன்படுத்தலாம் என்கிறது. அதைப் பிடித்துக்கொண்டால் போதும்.

அரைவட்டு:
சண்டையை அப்புறம் வைத்துக்கொள்ளலாம். "வரலை" என்றால் என்ன? வெள்ளைத் திரையா, எச்சரிக்கையா, பாதியில் நிற்கிறதா? என்னென்ன போன்? இது தெரியாமல் எந்தக் கோடும் போட முடியாது.

வாய்க்கால்கரை:
ஞாயிற்றுக்கிழமை கடையிலேயே உட்கார்ந்து பார்த்துவிட்டேன். மூன்று விதமாக வருகிறது.

ஐபோன் 6: வெறும் வெள்ளை.
ஆண்ட்ராய்ட் 6 போன் (குரோம்): "உங்கள் இணைப்பு தனிப்பட்டதல்ல", சிவப்பு முக்கோணம்.
ஜியோபோன்: கடைப் பெயர் வருகிறது, எண் போடும் பெட்டி வரவில்லை.

இன்னொன்றும் பார்த்தேன், சொல்லவே கூச்சமாக இருக்கிறது. சிவப்பு முக்கோணம் வந்தால் "மேம்பட்டவை" என்பதைத் தட்டி உள்ளே போய்விடலாம் என்று கல்லாவில் இருக்கும் பையன் எல்லாருக்கும் சொல்லிக் கொடுத்துக்கொண்டிருக்கிறான்.

அரைவட்டு:
மூன்றும் மூன்று வெவ்வேறு நோய்.

ஐபோன் 6 ஐஓஎஸ் 12-ஓடு நின்றுவிட்டது. ஐபோனின் பிரவுசரான சஃபாரி ஓஎஸ்ஸோடு சேர்ந்துதான் புதுப்பிக்கப்படும். குரோம் இறக்கினாலும் நம் ஊர் ஐபோனில் உள்ளே ஓடுவது சஃபாரியின் அதே வெப்கிட் எஞ்சின்தான். ஆகவே "பிரவுசரைப் புதுப்பிக்கவும்" என்ற பட்டையை அந்த அம்மா மாலை வரை பார்த்துக்கொண்டிருந்தாலும் ஒன்றும் நடக்காது. உங்கள் நிரலில் எங்கேயாவது ?. இருக்கும், தேடிப் பாருங்கள். ஆப்ஷனல் செயினிங் என்ற ஜாவாஸ்கிரிப்ட் குறியீடு. அது சஃபாரி 13.1-இல்தான் வந்தது. பக்கத்தின் தோற்றத்தைச் சொல்லும் சிஎஸ்எஸ் தனக்குப் புரியாத வரியைத் தாண்டிப் போய்விடும். ஜாவாஸ்கிரிப்ட் அப்படியில்லை. இலக்கணம் புரியாவிட்டால் மொத்தக் கோப்பையும் தூக்கிப் போட்டுவிடும். பேஸ்லைன் கணக்கில் இந்த வசதி தேறி எவ்வளவோ காலம் ஆகிவிட்டது, கட்டுமரம். பிரவுசர் வெளிவந்த தேதியைத்தான் அது பார்க்கிறது, அம்மாவின் கையில் இருக்கும் போனை அல்ல. நிரலைத் தளத்துக்குத் தயார்செய்யும் பில்ட் அமைப்பில் இலக்குப் பிரவுசரை சஃபாரி 12 என்று மாற்றினால் போதும், தானே பழைய நடையில் எழுதித் தந்துவிடும்.

ஆண்ட்ராய்ட் 6-இல் உங்கள் நிரலின் மேல் தப்பே இல்லை. தளம் அசல்தான் என்று பிரவுசருக்குக் காட்ட லெட்ஸ் என்க்ரிப்ட் நிறுவனத்தின் சான்றிதழ்தானே போட்டிருக்கிறீர்கள்? அவர்கள் சாய்ந்திருந்த பழைய வேர்ச்சான்று (போன் நேரடியாக நம்பும் மூலச் சான்று) 2021 செப்டம்பர் 30-இல் காலாவதியானது. அவர்களுடைய சொந்த வேர் ஆண்ட்ராய்ட் 7.1.1-இலிருந்துதான் போனுக்குள்ளேயே இருக்கிறது. வேர்ச்சான்று காலாவதியானாலும் ஆண்ட்ராய்ட் கண்டுகொள்ளாது என்ற ஓர் ஓட்டையை வைத்து 2024 வரை ஓட்டினார்கள், அதுவும் முடிந்தது. பயர்பாக்ஸ் தன் வேர்ப்பட்டியலைத் தானே கொண்டுவரும், அது இருந்தால் திறந்துவிடும். இல்லையென்றால் பழைய வேர் உள்ள வேறு நிறுவனத்திடம் காசு கொடுத்துச் சான்றிதழ் வாங்க வேண்டும்.

ஜியோபோன் 2017-இல் வந்தது. ஓஎஸ் பெயர் கைஓஎஸ், உள்ளே இருப்பது பயர்பாக்ஸ் 48-இன் எஞ்சின். திரை 240×320, தொடுதிரை கிடையாது. சிஎஸ்எஸ் கிரிட், ஜாவாஸ்கிரிப்டின் அசிங்க்-அவெய்ட் போன்ற புது வசதிகள் எல்லாம் பயர்பாக்ஸ் 52-இல் வந்தவை. உங்கள் பெட்டியை ஜாவாஸ்கிரிப்ட் வரைகிறது என்று நினைக்கிறேன். அது ஓடவில்லை, அதனால் பெட்டியும் இல்லை.

பூட்டுச்சாவி:
நீங்கள் எல்லாரும் திறக்க வைப்பதிலேயே குறியாக இருக்கிறீர்கள். திறக்கலாமா என்று யாரும் கேட்கவில்லை. ஆண்ட்ராய்ட் 6-க்குப் பாதுகாப்புத் திருத்தம் நின்று பல வருடம் ஆகிறது. அதில் பணம் கட்டச் சொல்வதா? அட்டைப் பணம் வாங்கும் தளங்கள் டிஎல்எஸ் 1.0 என்ற பழைய மறையாக்க முறையை 2018 ஜூன் 30-க்குள் நிறுத்த வேண்டும் என்று அட்டைத் தொழிலின் விதியே கெடு வைத்தது. பழைய போன்காரர் பாவம் என்று அவர்கள் பார்க்கவில்லை.

அந்தப் பையனை முதலில் நிறுத்துங்கள். சிவப்பு முக்கோணத்தைத் தட்டி உள்ளே போகப் பழகிய கை நாளைக்கு உண்மையான மோசடிப் பக்கத்திலும் அதையேதான் செய்யும். தளம் திறக்காமல் போவதைவிட அது மோசம்.

நிலாமுற்றம்:
பையன் விஷயத்தில் பூட்டுச்சாவி சொல்வது முழுக்கச் சரி. ஆனால் பார்ப்பது வேறு, கட்டுவது வேறு. இரண்டுக்கும் ஒரே கோடு எதற்கு? முக்கால்வாசிப் பேர் "போன மாசம் கட்டினது ஏறிருச்சா" என்று பார்க்கத்தான் வருகிறார்கள். அதற்கு ஒரு சாதாரண படிவம் போதும். எண்ணைப் போடு, அனுப்பு, சர்வர் கணக்கை எழுதி அனுப்பும். ஜாவாஸ்கிரிப்டே வேண்டாம். ஜியோபோனிலும் வரும். பணம் கட்டும் பக்கத்துக்கு மட்டும் கண்டிப்பாக இருங்கள்.

இது பழைய போன்காரருக்காக மட்டுமில்லை. பிரிட்டன் அரசின் தளத்தில் 2013-இல் எண்ணிப் பார்த்தார்கள். 1.1 சதவீதம் பேருக்கு ஜாவாஸ்கிரிப்ட் போய்ச் சேரவில்லை. வேண்டாமென்று அணைத்து வைத்திருந்தவர்களும் ஓடாத பிரவுசர்காரர்களும் சேர்ந்து அதில் வெறும் 0.2 சதவீதம். மிச்சம் 0.9 சதவீதத்துக்கு வேறு காரணம். நல்ல பிரவுசர்தான், ஆனால் பாதியில் அறுந்த இணைப்பு, வழியில் எதையோ தடுத்த நெட்வொர்க், இப்படி ஏதாவது. மலைப்பாதைப் பேருந்தில் போகும்போது புது போன்காரரும் பழைய போன்காரர்தான்.

கட்டுமரம்:
அக்கா, சர்வரில் எழுதி அனுப்புவது எனக்கும் சம்மதம். அதில் வேலை கூடுவதில்லை, உண்மையில் குறைகிறது. ஆனால் இரண்டு வழி வைத்தால் இரண்டையும் யார் சோதிப்பது? ஆறு மாதம் கழித்துக் கடைக்காரர் புதுத் திட்டம் ஒன்று சேர்க்கச் சொல்வார். அப்போது ஜியோபோன் வழி உடையும். உடைந்தது யாருக்கும் தெரியாது. தெரியும்போது தம்பிக்குத்தான் போன் வரும், அதுவும் ராத்திரி பத்து மணிக்கு.

திறந்தால் சரி என்பது வேறு, திறக்கும் என்று எழுத்தில் கொடுப்பது வேறு. ஒப்பந்தத்தில் நீங்கள் சோதிக்கும் போன் பட்டியலை எழுதுங்கள். அதற்கு வெளியே வருவதெல்லாம் தனிக் கூலி. இதில் நான் இறங்கி வரமாட்டேன்.

ஓலைச்சுவடி:
கட்டுமரத்தின் வயது எனக்குத் தெரியாது, ஆனால் ஐஇ 6 நினைவிருப்பவருக்கு இதுவும் நினைவிருக்கும். ஆண்ட்ராய்ட் 2 காலத்தில் போனில் தமிழ் கட்டம் கட்டமாகத் தெரியும். ஓபரா மினியில் முகவரிப் பட்டையில் ஓபரா:கான்ஃபிக் என்று அடித்து, கடைசியில் இருக்கும் பிட்மேப் எழுத்துரு அமைப்பை "யெஸ்" ஆக்கினால், அவர்கள் சர்வரே எழுத்தைப் படமாக்கி அனுப்பும். நான் தமிழ் வலைப்பதிவுகளைப் படித்ததே அப்படித்தான். அப்போது எந்தத் தளத்துக்காரரின் ஆதரவுப் பட்டியலிலும் நாம் இருந்திருக்க மாட்டோம்.

கட்டுமரம்:
நினைவிருக்கிறது ஐயா, நானும் அடித்திருக்கிறேன். ஆனால் அது பிரவுசர்காரன் செய்த புண்ணியம். தளக்காரன் என்ன செய்தான்?

ஓலைச்சுவடி:
ஒன்றும் செய்யவில்லை. பக்கத்தில் எழுத்தை எழுத்தாக வைத்திருந்தான், அவ்வளவுதான். அது இருந்ததால்தான் ஓபராவால் எடுத்துப் படமாக்க முடிந்தது. இன்றைக்கு வெறும் ஸ்கிரிப்ட்டை வைத்துவிட்டு உள்ளே எதுவும் இல்லாமல் அனுப்புகிறோமே, அதை எவன் படமாக்குவான்?

அரைவட்டு:
நிலாமுற்றம் சொன்ன வழிக்கு ஒரு வேலி இருக்கிறது. ஸ்கிரிப்ட்டை மாட்யூல் என்ற புது வகையாகப் போட்டால் ஜியோபோனுக்கு அது என்னவென்றே தெரியாது, சத்தமில்லாமல் விட்டுவிட்டு வெறும் படிவத்தைக் காட்டும். உடைவதற்கு அங்கே எதுவும் இல்லை, கட்டுமரத்தின் ராத்திரிப் போனும் குறையும். ஆனால் ஐஓஎஸ் 12-க்கு மாட்யூல் தெரியும், ?. தெரியாது. அது வேலிக்கு உள்ளே வந்து விழும். அதனால் இலக்கை இறக்குவதையும் சேர்த்தே செய்யுங்கள்.

வாய்க்கால்கரை:
நான்கு நாள் உட்கார்ந்து செய்தேன். இலக்கை மாற்றியதும் ஐபோன் 6 திறந்துவிட்டது. ?. பதினேழு இடத்தில் இருந்தது. கணக்குப் பார்க்கும் பக்கம் இப்போது வெறும் படிவம். ஜியோபோனில் பெட்டி வருகிறது, கீழ் அம்புக்குறியை அழுத்தினால் "அனுப்பு" பொத்தானுக்குப் போகாமல் விளம்பரப் படத்தில் போய் நிற்கிறது, இன்று பார்க்க வேண்டும். பணம் கட்டும் பக்கம் பழைய பிரவுசரில் "தவணையைக் கடையில் செலுத்தவும்" என்று மட்டும் சொல்லும். பையனிடம் பேசிவிட்டேன். சான்றிதழுக்குக் காசு என்றதும் கடைக்காரர் "ஆடி போகட்டும்" என்கிறார், அதுவரை ஆண்ட்ராய்ட் 6 வெளியேதான். ஒப்பந்தத்தில் ஆறு போன் பெயர் எழுதிக் கையெழுத்து வாங்கியாயிற்று. கட்டுமரம் அண்ணாவுக்கு நன்றி.

கடைசியில் ஒரு பாட்டி என்னைக் கூப்பிட்டு, "எதுக்கு சாமி இத்தனை பாடு? கட்டுனா ஒரு மெசேஜ் அனுப்பிவிடு, பேத்தி படிச்சுச் சொல்லுவா" என்றார். கடைக்காரருக்கு அது ரொம்பப் பிடித்துவிட்டது. இப்போது எஸ்எம்எஸ்ஸும் வேண்டுமாம்.

கட்டுமரம்:
அதற்கு டிஎல்டி பதிவு (வணிக எஸ்எம்எஸ் அனுப்புபவர்கள் செய்ய வேண்டிய பதிவு), ஒவ்வொரு வாசகத்துக்கும் முன் அனுமதி எல்லாம் வேண்டும். தனிக் கூலி என்று இன்றைக்கே சொல்லிவிடுங்கள்.