சொல் தேவை: சர்வீஸ் ஒயரில் மழைநீர் சொட்ட விடும் 'லூப்'

கோத்தகிரி, மின் ஒப்பந்ததாரர்:

நண்பர்களே,

புது மின் இணைப்புக் கையேட்டில் ஒருமுனை, மும்முனை, மின்பளு எல்லாம் ஏற்கெனவே புழங்கும் சொற்கள்தான். இடறுவது ஒன்று. கம்பத்திலிருந்து வரும் சர்வீஸ் ஒயர், சுவரில் நிற்கும் ஜி.ஐ. (துத்தநாகம் பூசிய இரும்பு) பைப்பின் உச்சியில் உள்ள பெண்டுக்குள் (வளைந்த குழாய்த்துண்டு) நுழையுமுன், பெண்டின் வாயைவிட ஒரு சாணாவது கீழே இறங்கி மறுபடி ஏற வேண்டும். ஒயர்மேல் வழியும் தண்ணீர் அந்த அடிப்புள்ளியில் சொட்டிவிடும். வேலையிடத்தில் "லூப் விடு" என்றால் போதும். எழுத்தில் போதாது; மிச்ச ஒயரைச் சுருட்டிக் கட்டுவதும் லூப்தான். 'சொட்டு வளையம்' சரிவருமா?

குன்னூர்:

வளையம் என்றால் முழு வட்டம். இது மூலை மழுங்கிய 'ப'. 'மடிப்பு' கூடவே கூடாது, படித்துவிட்டு யாராவது மடக்கினால் அலுமினியக் கம்பி அந்த இடத்தில் முறியும். 'வளைவு' என்றால் பெண்டோடு குழம்பும். 'தொய்வு' லைன்மேனுக்குக் குறை. இழுத்துக் கட்டிவிட்டுப் போய்விடுவார்! 'சொட்டுத் தொங்கல்' என்று வைத்துப் பாருங்கள். 1932-இல் பைக்காராவில் மின் உற்பத்தி தொடங்கிய மாவட்டம் இது, ஒரு சாண் ஒயருக்கு இன்னும் பெயரில்லை.

கூடலூர்:

தொங்கலுக்கு என் ஓட்டு. ஆனால் விளக்கத்தில் ஒன்று சேர்க்க வேண்டும். சமவெளியில் கம்பமும் வீடும் ஏறக்குறைய ஒரே மட்டம். இங்கே கம்பம் மேலே ரோட்டோரம், வீடு இருபதடி பள்ளத்தில். ஒயரின் முழு நீளமும் ஓடை மாதிரி வீட்டுப் பக்கம் ஓடும். மழை விட்டாலும் மூடுபனி விடாது.

அது வெளித் தண்ணீர். உள் தண்ணீர் வேறு. கம்பத்தில் உறை சீவிய நுனி மேல்நோக்கி இருந்தால், நீர் உறைக்குள் புகுந்து கம்பிப் புரிகளுக்கு இடையே இறங்கும். வீட்டுப் பக்கம் எத்தனை தொங்கல் விட்டாலும் நிற்காது, நேரே மீட்டர் டெர்மினலில் வந்து கசியும். டெர்மினலைக் கழற்றினால் அலுமினியத்தில் வெள்ளைப் பொடி, பித்தளையில் பச்சைக் களிம்பு. நுனி கீழ்நோக்கிப் பார்க்கும்படி இணைத்து நீர்புகா டேப் சுற்றினால்தான் தீர்வு. கம்பத்தில் கை வைப்பது வாரிய ஊழியர் வேலை, இணைப்புக் கொடுக்கும் நாளிலேயே கேட்டுச் செய்துகொள்ள வேண்டும்.

மும்முனை இணைப்பில் அந்தக் களிம்பு நியூட்ரல் (மூன்று முனைக்கும் பொதுவான நடுநிலைக் கம்பி) டெர்மினலில் பிடித்தால் இன்னும் மோசம். நியூட்ரல் விட்டுப்போனதும், பளு குறைந்த முனையில் 230 வோல்ட் 400-ஐ நெருங்கும். பேக்கரி ஃப்ரிட்ஜ், டீக்கடை மிக்ஸி எல்லாம் ஒரே நேரத்தில் போகும். பழி மட்டும் டிரான்ஸ்ஃபார்மர் மேல்.

கோத்தகிரி:

ஏற்றுக்கொள்கிறேன் ஐயா. பதிவு இப்படி:

சொட்டுத் தொங்கல் – சர்வீஸ் ஒயர் பைப்புக்குள் நுழையுமுன், நீர் சொட்டுவதற்காகப் பைப்பின் வாயைவிடத் தாழ விடப்படும் ப வடிவப் பகுதி. ஒயரின் எடையைச் சுமக்கும் தாங்கு கம்பியைக் கிளாம்பில் கட்டிய பிறகே விட வேண்டும். தொங்கலில் இழுவை விழக்கூடாது. பெண்டின் வாய் கீழ்நோக்கி இருக்க வேண்டும்.

உறைக்குள் இறங்கும் நீரைத் தனிப் பதிவாக வைக்கலாம். 'உள்கசிவு' என்று எழுதினால் மின்கசிவோடு குழம்பும். ஆர்.சி.டி. என்ற பாதுகாப்புக் கருவி பார்த்துத் துண்டிப்பது மின்கசிவை. இது வெறும் தண்ணீர்.

குன்னூர்:

'புரிநீர்'? கம்பிப் புரிவழி வரும் நீர். சின்னச் சொல், வேறெதோடும் மோதவில்லை.

இன்னொன்று: வன்தொடர்க் குற்றியலுகரத்தின் பின் வல்லினம் மிகும், அதனால் 'சொட்டுத்தொங்கல்' என்று 'த்' போட்டுச் சேர்த்தே எழுதுங்கள். இடம் விட்டால் தேடும்போது இரண்டு சொல்லாக உடையும்.

கூடலூர்:

புரிநீர் நன்று. தொங்கலுக்குப் படம் போடும்போது கம்பத்தை வீட்டைவிட மேலே வரையுங்கள்.